பிக் நாய்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு பயிற்சிக் கூடம்.
ஏசி இருமுகிறது.
பன்னிரண்டு ஆசிரியர்கள், கழுத்தில் பெயர் அட்டை,
தட்டில் யாரும் தொடாத கேக்.

டெல்வீன் நுங்கராயி உள்ளே வந்தாள்.
வணக்கம் இல்லை, அறிமுகம் இல்லை,
வால்பிரி மொழியில் நேரே பாடம்.
இருபது நிமிடம்.
பலகையில் ஒரு வட்டம், மூன்று கோடு,
ஒரு கேள்வி,
அதே கேள்வி இன்னும் உரக்க.
பிறகு தேர்வுத் தாள்.

கேலம் விதர்ஸ்
பேனா மூடியைக் கடித்தான்.
பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தான்.
அங்கும் வெள்ளை.
வெளியே ஒரு நாய் நிழல் தேடி
லாரிக்கு அடியில் நுழைந்தது.
அதை மட்டும் முழுதாகப் பார்த்தான்.

தாள் திரும்பி வந்தது.
மேல் ஓரத்தில் மணிமணியான ஆங்கிலம்:
"கவனம் போதாது. ஜன்னலையே பார்க்கிறான்.
காதைப் பரிசோதிக்கலாம்."

அது அவனுடைய வாக்கியம்.
எட்டு வயது ட்ரெமெய்னுக்கு
போன பருவத்தில் அவன் எழுதியது.
டெல்வீனுக்கு அது தெரியாது.
எல்லோரும் அதையேதான் எழுதுகிறார்கள்.

தண்ணீருக்கு அங்கே ஙப என்று பெயர்.
நம் அரிச்சுவடியில் இத்தனை காலம்
வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ங
அந்தப் பாலைவனத்தில் தண்ணீர் சுமக்கிறது.
பன்னிரண்டு பேரும் முயன்றார்கள்:
நபா. நகபா. இங்கபா.
டெல்வீன் குடுவையைச் சாய்த்து
ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள்.
சரியாகச் சொன்னால்தான் என்று
காத்திருந்தால்
யாரும் குடித்திருக்க முடியாது.

மதியத்துக்குமேல் கேலம் எழுந்தான்.
படத்துக்குக் கீழே அந்தப் பையன் எழுதியதை...

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல்.
ஆங்கிலத்தில் பெரியதும் பன்றியும்
முதல் ஒலியில் மட்டும் பிரியும்.
நான் எழுதினால் இரண்டும் பிக்.
அவனுக்கும் அப்படித்தான்.
அவன் மொழியும் என் மொழியும்
ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு
நிம்மதியாக இருந்தவை.

"பன்றி நாயா?" என்று கேட்டு
கேலம் சிரித்தானாம். வகுப்பும் சிரித்ததாம்.
அன்றிலிருந்து ட்ரெமெய்ன் எழுதுவதில்லை.
நாய் வரைகிறான்.
போகப் போகப் பெரிய நாய்.

"எந்த எழுத்தில் தொடங்கினான்?"
"பி."
எந்த பி என்று அவள் கேட்கவில்லை.
"வால்பிரியில் அது சரியான எழுத்து.
தன்னிடம் இருந்ததை
உங்கள் சொல்லுக்குக் கடன் தந்திருக்கிறான்.
நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்."
யாரோ கேக் தட்டை நகர்த்தினார்கள்.

முந்நூறு கிலோமீட்டர் செம்மண் சாலை.
கணினியில் போன பருவ அறிக்கை:
பூட்டப்பட்டது, திருத்த இயலாது.

திங்கட்கிழமை கேலம்
ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன் பிடித்தான்.
பிக். காகிதம் துள்ளியது.
பிக். சும்மா இருந்தது.
பின்வரிசைப் பெண் தன் காகிதத்தை விழுங்கிவிட்டாள்,
அரைமணி நேரம் அதிலேயே போயிற்று.
ட்ரெமெய்ன் ஜன்னலையே பார்த்தான்.
கேலம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம், மணி அடித்தபின்,
காலி வகுப்பில் ஒரு பையன்,
உதட்டுக்கு முன் பஸ் டிக்கெட்.
என்னவோ சொன்னான்.
டிக்கெட் அசைந்தது.
மறுபடி சொன்னான்.

முதலில் சொன்னது பன்றியா, பெரியதா,
நான் எப்படி எழுதிக் காட்டுவது?
பிக், என்றான்.
பிக்.