யாரை எழுப்ப

குதைபியாவில் எங்கள் அறையின் கீழ்க்கட்டில்
பகலில் சதக்குக்கு, இரவில் எனக்கு.
தலையணை மட்டும் இரண்டு.
மாற்றிப் போட்டால் அவனுக்குத் தும்மல் வரும்.

மடிக்கணினியும் அப்படித்தான்.
ஊருக்குக் கிளம்பிய ரொடேல், மணிலாக்காரன்,
முப்பத்தெட்டு தினாருக்குக் கொடுத்துவிட்டுப் போனது.
பத்தொன்பது அவன், பத்தொன்பது நான்.
வட்டின் நடுவே ஒரு கோடு கிழித்தோம்.
விண்டோஸ் பக்கம்
அவன் கைச்செலவுக்கு எழுதும் இரண்டு கஃபெட்டீரியாக் கணக்கு.
லினக்ஸ் பக்கம்
ஏசி குழாயை விட்டுத் தப்பிக்க நான் படிக்கும் தேர்வு.

ஆகஸ்டில் ஒரு அப்டேட் வந்தது.
சரி என்று தட்டிவிட்டு
சதக்கு உறங்கிப் போனான்.
மாலையில் நான் வந்து திறந்தபோது
கேள்வியே இல்லை. நேரே விண்டோஸ்.
என் பக்கம் இருக்கிறது, அழியவில்லை,
வாசல்தான் இல்லை.
"நான் என்ன பூட்டா போட்டேன்?" என்றான்
வாயில் பற்பசை நுரையோடு.

போனில் தேடினேன்.
கணினி கண்விழிக்கும் முதல் நொடியில்
குறுக்கே நின்று
யாரை எழுப்ப என்று கேட்கிற சின்ன நிரல்.
ஒன்று பார்க்க அழகு; ஆறு வருடமாய் ஒரு கை படவில்லை.
ஒன்றுக்கு நானே கோப்பு எழுத வேண்டும்,
ஓர் அடைப்புக்குறி தவறினால் இருவரும் தெருவில்.
ஒன்று இலவசம் என்று சொல்லிவிட்டு
வங்கி அட்டையின் எண் கேட்டது.

கடைசியில் ஒன்று
தானே வட்டைத் தடவிப் பார்த்து
உள்ளே யார் யார் கிடக்கிறார்கள் என்று கண்டுகொள்ளும்,
அறைக்கு வருகிற பல்தியா ஆள் போல.
ஆனால் தலையை எண்ணிவிட்டு
யாரையும் வெளியே போகச் சொல்லாது.

பாஸ்போர்ட் கேட்கவில்லை,
கஃபீல் யார் என்று கேட்கவில்லை.
மூலநிரல் முழுக்கத் திறந்து கிடந்தது.
எந்த உத்தரவாதமும் கிடையாது என்று
உரிமத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.
ஏழு வருடத்தில் இங்கே நான் வாசித்த
பொய்யில்லாத ஒரே ஒப்பந்தம்.
திருத்தக் குறிப்பில் ஒரு வரி:
'சில பழைய மடிக்கணினிகளில் திரை எழாத பிழை நீக்கப்பட்டது.'
எங்கோ ஒருவன், சம்பளமில்லாமல்,
ரொடேலின் கணினியை நினைத்திருக்கிறான்.

ஒன்பது பேருக்கு ஒரு வைஃபை.
நாலு எம்பி இறங்கப் பதினோரு நிமிடம்.
இறங்கியது அதுதானா, வழியில் யாரும் மாற்றினார்களா,
சரிபார்க்க அறுபத்து நாலு எழுத்து.
அவன் கணினியைப் பார்த்துச் சொல்ல
நான் போனில் விரல் வைத்துத் தொடர்ந்தேன்.
எஃப், நாலு, ஏழு, சி, இன்னொரு சி, சைபர்...
மேல்கட்டிலிலிருந்து தலை நீட்டிய பீகாரி
லாட்டரியா, எவ்வளவு, என்று கேட்டான்.
கடைசி எழுத்துவரை பொருந்தியது.
"அடிச்சிருச்சு" என்றான் சதக்கு அவனிடம்.

பயாஸில் ஒரு காவலைத் தளர்த்தி
பென்டிரைவைச் செருகி
ஒருமுறை தோற்று, மறுமுறை
கறுப்புத் திரையில் இரண்டு படங்கள்
பக்கத்தில் பக்கத்தில்.

அதன் பிறகுதான் சண்டை.
யாரும் எதையும் அழுத்தாவிட்டால்
இருபது நொடியில் ஒன்று தானாக எழும்.
அது எது?
"என்னதைப் போடு. ராத்திரி பத்துக்கு ட்யூட்டி,
ஒன்பதே முக்காலுக்கு உன் பென்குவினோடு மல்லுக்கட்ட முடியாது."
பத்தொன்பது தினார் என்றேன்.
அவனும் பத்தொன்பது தினார் என்றான்.

அமைப்புக் கோப்பைத் திறந்து
இருபதை அழித்து சைபர் போட்டேன்.
சைபர் என்றால் உடனே கிளம்பு என்று நினைத்தேன்.
இல்லையாம்.
யாராவது வரும்வரை காத்திரு என்று அர்த்தமாம்.
விசாவுக்குத் தேதி, சிபிஆருக்குத் தேதி,
தயிர் டப்பாவுக்குக்கூட மூடியில் தேதி.
இதற்கு மட்டும் சைபர்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவன் வந்தான்.
இருவரும் அறையில் இருக்கும் ஒரே நாள்,
கட்டிலில் யார் படுப்பது என்று
எந்தக் கோப்பிலும் எழுதியில்லை.
இருவரும் விளிம்பில் உட்கார்ந்தோம்,
நடுவே பிரியாணிப் பொட்டலம்.
படம் பார்க்கக் கணினியைத் திறந்தால்
இரண்டு படங்கள், ஒரு கேள்வி.

"உன்னதா, என்னதா?"
"சோறு ஆறுது. எதையாவது அமுக்கு."
இருவர் கையிலும் எண்ணெய்.