மூன்றாவது தட்டு

லுசாகாவில் மறுபடி மின்சாரம் போய்விட்டது.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டு
உறைபெட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
உள்ளே நாலாயிரம் குப்பிகள்,
கன்யாமாவின் குழந்தைகள் மூன்று வருடமாய்ப் போன பேதி.
பொன்னுக்குக் காவல் இருப்பவனுக்குக்கூட
இவ்வளவு தூக்கம் கெடாது என்கிறான் முடின்டா.

சொட்டு மருந்து செய்தது ஒரு தேசம்.
உலர்பனி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும்,
சில வாரம் வராது.
யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் இனிப்புத்தண்ணீர்
என்ற பட்டியலோ
கடலுக்கு அப்பால் ஏதோ பூட்டிய இழுப்பறையில்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்.

நானூற்றுப் பதினேழு
பிப்ரவரி மழையில் இறந்தான்.
ஒன்பது மாதம். இரண்டு பல்.

நேற்று அவன் அம்மா நமகாவ் வந்தாள்,
சந்தையில் கருவாடு விற்ற கையோடு.
அந்தக் கேள்வியைத்தான் கேட்பாள் என்று
பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்:
எங்களுக்கும் தெரியாது அம்மா,
இப்போதைக்கு யாருக்குமே.

அவள் அதைக் கேட்கவில்லை.
ஒரு போட்டோகூட எடுக்கவில்லை, என்றாள்.
சட்டையெல்லாம் தங்கச்சி பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று.
அவனோடது ஏதாவது
இங்கே இருக்கிறதா?

பதிவேட்டைப் புரட்டினேன்.
மூன்றாவது தட்டு. பதினோரு குப்பி.
சொன்னேன்.

சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.
கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள்,
ஜுரம் பார்ப்பதுபோல.
அப்புறம்,
மூடியே இருக்கட்டும், என்றாள்.

டீசல் முள் இறங்குகிறது.
மணி மூன்றரை.