இரண்டையும் வைத்துக்கொள்

முதல் கேபிள் மின்சாரத்தை மட்டும் கடத்தியது.
மின்னல் குறி எரிந்தது, பேட்டரி ஏறியது,
கணினியோ டேப்லெட்டைக் கண்டதே இல்லை என்று சாதித்தது.
சோறு போடுவேன், பேசமாட்டேன் என்கிற
உறவுக்காரர்கள் எனக்கும் உண்டு.

இரவு பத்தே கால். ஒரூரோவில் ஜூலை.
குழாயில் தண்ணீர் உறைந்துவிட்ட நேரம்.
கீழ்வீட்டு ரெமிஹியோ போர்வையோடு வந்து
தன் கேபிளை நீட்டினான்:
"விடிந்ததும் வேண்டும், செனோபியா."

இரண்டாவது கேபிள் பேசியது.
உடனே டேப்லெட் கேட்டது:
இந்தக் கணினியை நம்புகிறாயா?

அமைச்சகத்துக் கணினி.
ஒன்பது வருடமாக என் சம்பளச் சீட்டு
அதன் வழியாகத்தான் வருகிறது.
நம்புகிறேன் என்று அழுத்தினேன்.
மற்றதை அழுத்தினால் எதுவும் நகராது.

நாற்பத்தொரு கோப்புகள்.
காலை ஆறு மணிக்குச் சுரங்கக் கூண்டு இறங்கும்.
மூன்றாம் மட்டத்தில் சிக்னல் கிடையாது.
மேகத்தில் சேமித்தது மேகத்திலேயே நிற்கும்,
பாறைக்குள் மேகம் எப்படி வரும்?
கையில் கொண்டுபோனதுதான் கையிருப்பு.

காற்றோட்ட வரைபடம். வெடிமருந்துப் பதிவேடு.
தாங்கு கட்டைகளின் பட்டியல், பதினெட்டுப் பக்கம்,
யாரோ கோணலாக ஸ்கேன் செய்தது,
படிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டும்.
மீதமுள்ள நேரம் மூன்று நிமிடம் என்றது.
பிறகு பதினொன்று. பிறகு ஒன்று. பிறகு ஏழு.
இதோ கிளம்பிவிடுவோம் என்கிற பஸ் டிரைவரின் கணக்கு.

இருபத்தாறாவது கோப்பில் நின்றது.
இக்னாசியோ நூஞெஸ்.
மே மாதம் கட்டை சரிந்து இறந்தவர்.
டேப்லெட்டின் எழுத்துருவில் ஞெ இல்லை போலிருக்கிறது:
நூ, ஒரு வெற்றுக் கட்டம், பிறகு ஸ்.
உள்ளே ஆள் இருக்கும்போதே
வாசலைப் பலகை அடித்து மூடிய மாதிரி.

இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கனவே இருக்கிறது. மாற்றட்டுமா?

இருந்தது. ஜூனில் தொழிலாளர் சங்கத்து ஃபெலிசா
பென்டிரைவில் கொடுத்ததை
நானே ஏற்றிவிட்டு மறந்திருந்தேன்.
அது இருநூற்றுப் பதினான்கு கிலோபைட்.
அலுவலகத்திலிருந்து இப்போது வருவது நூற்றெண்பத்தெட்டு.
புதியதுதான் சிறியது.
இருபத்தாறு கிலோபைட், தராசில் வைத்தால் எவ்வளவு வரும்?

இரண்டையும் திறந்து பக்கம் பக்கமாகத் தள்ளினேன்.
ஐந்துவரை அதே முத்திரை, அதே எழுத்துப்பிழைகள்.
ஆறில், பழையது சொன்னது:
மூன்றாம் மட்டம், கட்டை எண் ஐம்பத்தேழு உளுத்திருக்கிறது,
பிப்ரவரி பதினொன்று, எழுத்து மூலம்.
தெரிவித்தவர் நூஞெஸ்.
அவருடைய கையெழுத்து, நகம் போல வளைந்த ஞெவோடு.

புதியதில் அந்தப் பக்கம் இல்லை.
ஐந்துக்குப் பிறகு ஏழு வந்தால் தெரிந்துவிடுமே,
எண்களையும் திருத்தியிருக்கிறார்கள்.
கவனமான வேலை.

மாற்று. தவிர். இரண்டையும் வைத்துக்கொள்.

பொய் சொல்வானேன்,
விரல் கொஞ்ச நேரம் முதல் பொத்தான்மேல் நின்றது.
மகளின் பல் வைத்தியம். ஆகஸ்டில் வரவேண்டிய பதவி உயர்வு.
அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது,
எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து
மூன்றாவதை அழுத்தினேன்.
ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்
வந்த கோப்பின் வாலில் இரண்டு என்று எண் போட்டது டேப்லெட்.
அமைச்சகம் இரண்டாவது ஆனது.

கீழே, கையுறையோடு தொட்டால் திரை அசையவில்லை.
கழற்றினேன். ஆறாம் பக்கத்தின்மேல்
ஈர மண்ணில் என் கட்டைவிரல் ரேகை.
உரக்கப் படித்தேன்.
மேலாளர் உர்கிதி பையிலிருந்து போனை எடுத்தார்,
சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லாததைப் பார்த்தார்,
திரும்ப வைத்துக்கொண்டார்.
"எது அசல்?" என்றார்.

விளக்கை ஐம்பத்தேழு இருந்த இடத்துக்குத் திருப்பினேன்.
புதுக் கட்டை. இன்னும் பிசின் வடிந்தது.
எண் எழுதியிருக்கவில்லை.

கோட்டுப் பையில் ஏதோ உறுத்தியது.
ரெமிஹியோவின் கேபிள்.
விடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்,
திட்டிக்கொண்டிருப்பான்.