முன்பணம் பத்து யூரோ

உதிரிபாகம் திங்கள்தான் வரும் என்றார்கள்.
சவர்லாந்து மலைகளுக்கு நடுவே
திருகாணி செய்து பிழைக்கிற சிற்றூர்.
ஞாயிறு என்றால் ரொட்டிக்கடையும் பதினொன்றுக்குக் கதவைச் சாத்திவிடும்.
விடுதி வரவேற்பில் எல்மார்
குடைகள் செருகிய பீப்பாய்க்குள் கைவிட்டு
மூன்று தட்டுகளை உருவினான்:
சிவப்பு, வெள்ளை, ஒரு சாணிப்பச்சை.
முன்பணம் பத்து யூரோ.
மூன்றும் திரும்பினால் பணமும் திரும்பும்.

மன்னார்குடிக்காரன் நான்.
மேடு என்றால் எங்களுக்கு ரயில்வே மேம்பாலம்.
இங்கே முதல் கூடைக்கே
முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.
எறிவது ஒரு நொடி.
எறிந்த இடத்துக்கு நடந்துபோவதுதான் ஆட்டம்.

சிவப்பு பாதி தூரம் என் பேச்சைக் கேட்டது.
பிறகு இடப்பக்கம் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி
ஓக் மரத்தில்
ணொட்.
வெள்ளையும் ணொட்.
பச்சை, கண்ணுக்கு எட்டியவரை இருந்த ஒற்றை மரத்தைத்
தேடிப்போய்
ணொட்.

ஒன்பதாவதில் வரைபடம் அடர்காடு என்றது,
சின்னச் சின்ன முக்கோணங்களாய்.
எதிரே வெட்டவெளி.
பட்டைவண்டு தின்றதுபோக ரம்பம் அறுத்து
பாதியில் நிறுத்திய சவரம்போல மலை.
எறியக் கை கூசியது.
பழிபோட ஒரு மரமும் இல்லை.

முந்திப் போகலாமா என்றது பின்னால் ஒரு குரல்.
டிலெக். இரவுப்பணி முடித்த நர்ஸ்.
தூக்கம் வரும்வரை எறிவாளாம்.
களைத்த கைதான் நேராக எறியும் என்றாள்,
அதற்கு முயற்சி பண்ணத் தெம்பிருக்காது.

பதினொன்றில் என் சிவப்பு பள்ளத்துக்குள் இறங்கியது.
முந்திப் போயிருக்கலாம் அவள்,
கூடவே இறங்கினாள்.
முட்புதர் என் சட்டையைப் பிடித்து விசாரித்தது.
அரைமணி நேரம்.
ஒரு பியர் பாட்டில், குழந்தையின் ஒற்றைக் கையுறை,
சருகுக்கடியில்
நீலம்.

என்னுடையதல்ல.
இடுப்புத் துண்டால் துடைத்தாள்.
பின்பக்கம் மையில் ஒரு பெயர், ஓர் எண்.
துடைப்பதை நிறுத்தினாள்.
"தோர்பென். என் கணவன்.
மூன்று வருஷம் முன்புவரை."
பெயரை எழுதியது அவள் கை.
இதைத் தேடிய சாயங்காலம்தான்
முதல் முறையாக
ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார்களாம்.

அந்த எண்ணுக்குச் சொல்லலாமே என்றேன்.
எண்ணை மாற்றிவிட்டான் என்றாள்.
பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.
கை பின்னுக்குப் போனது.
அந்த எறிதலுக்காக நான் ஒதுங்கி நின்றேன்.
கை இறங்கிவிட்டது.
"உன்னிடம் ஒன்று குறைகிறதே" என்று
என் பக்கம் நீட்டினாள்.

நீலம் எப்படிப் பறந்தது என்று சொல்லத் தெரியவில்லை.
பன்னிரண்டாம் கூடையின் சங்கிலிகள்
உண்டியலைக் கவிழ்த்த சத்தம் போட்டன.
அவள் கைதட்டவில்லை.
கூடைக்குள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
தன் தட்டை எறியப் போனாள்.

பதினைந்தாவது பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
பதினாறைச் சங்கிலி சத்தம் கேட்காதபடி எறிந்தேன்.
அதற்கு நான் மெனக்கெடத் தேவையிருக்கவில்லை.

எல்மார் எண்ணினான்:
வெள்ளை, பச்சை, நீலம்.
மூன்று.
நிறம் அவன் கணக்கில் இல்லை.
பத்து யூரோவை மேஜைமேல் வைத்துவிட்டு
தோர்பெனையும் பீப்பாயில் செருகினான்.
சன்னலில் முதல் தூறல்.
அந்த பெஞ்சுக்குக் கூரை கிடையாது.

குடை வேண்டும் என்றேன்.
குடைக்கும் முன்பணம் பத்து யூரோ.
அதே தாளை அவன் பக்கம் தள்ளிவிட்டு
ஏறத் தொடங்கினேன்.
எறியாமல் போனால்
பதினைந்து அவ்வளவு தூரமில்லை.