எத்தனை கிராம்?

குதாயிசியில் விடியுமுன் என் அடுப்பு விழித்துவிடும்.
வளைந்த வாள்போல நீளும் ஷோத்தி ரொட்டிகளை
அதன் உட்சுவரில் அறைந்து ஒட்டுவேன்.
தெருவே வாசனை பிடித்து வரும்.
என் புருஷன் நுக்ஸார் மட்டும்
உள்ளே வெண்ணெயில் முட்டை உடைப்பான்.

ஏழு மாதம். பத்தொன்பது கிலோ.
இடுப்புவாரில் ஆணியால் குத்திய மூன்று புதுத் துளைகள்.
ஊசி மருந்து பாதியாயிற்று.
பாத எரிச்சல் தணிந்து, குறட்டை விட்டுத் தூங்குகிறான்.
இல்லையென்று சொன்னால் என் நாக்கு வேகும்.

ஆனால் அவன் மூச்சில்
நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி.
ரத்தப் பரிசோதனைத் தாளை
டாக்டர் லாம்சிரா இருமுறை தட்டினாள்:
"சர்க்கரை இறங்கியிருக்கிறது, கொழுப்பு ஏறியிருக்கிறது.
பத்து வருடம் கழித்து என்னவென்று
அடித்துச் சொல்கிறவனை நம்பாதே."

விருந்தில் மச்சினன் மூர்மான் கோப்பையை உயர்த்தினான்:
"கோதுமை தின்றுதான் நம் சனம் பிழைத்தது!"
"அவர்கள் மலை ஏறினார்கள்,
நீ டாக்ஸியை விட்டே இறங்குவதில்லை" என்றான் இவன்.
மேசை குலுங்கச் சிரித்தார்கள்.
நுக்ஸார் மதுவை முகர்ந்துவிட்டு வைத்தான்.

அந்த நவம்பர் இரவு
கை மறதியில் பழைய அளவையே போட்டுக்கொண்டான்.
சட்டை வியர்வையில் ஊற, சொற்கள் குழற,
என்னை யாரோபோலப் பார்த்தான்.
முதலில் தேன். ஒரு கரண்டி, இன்னொன்று.
பிறகு, காலையில் விற்காமல் மிஞ்சிய ஷோத்தியின் நுனி.
மென்றான். குழந்தைபோல, கண்ணை மூடிக்கொண்டு.

தெளிந்ததும் அவன் கேட்டது:
"எத்தனை கிராம்?"

முப்பது என்றேன்.
நாள் முழுக்க மாவை நிறுக்கிறவள்;
அதை மட்டும் நான் நிறுக்கவில்லை.