மைனஸ் ஒன்று

தார்த்துவில் பிப்ரவரி.
பாலத்துக்குக் கீழே ஆறு கல்லாகிவிட்டது.
சர்வர் அறையில் மட்டும் வெக்கை,
மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டிருக்கிறேன்.

காலையில் லொக்கேட் கட்டளை சொன்னது:
தரவுத்தளத்தின் முகப்பு சிதைந்துள்ளது.
எல்லைக்குள் வராத எழுத்து: மைனஸ் ஒன்று.

எழுத்து என்றதும் ஊர்வெதான் நினைவுக்கு வந்தாள்.
சதுப்பில் எட்டு மீட்டர் துளைத்துக்
கரிமண் எடுத்து வருபவள்.
கோப்புகளுக்கு எஸ்தோனியத்தில்தான் பெயர் வைப்பாள்.
மிதித்தால் ஊசலாடும் மிதவைத் தரைக்கு
அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது,
தொடக்கத்திலேயே இருமுறை அந்த எழுத்து:
உதடு குவியாத ஓகாரம்,
தலைமேல் ஒரு நெளிகோடு.

பட்டியல் நிரல் பழைய காலத்துச் சிக்கனக்காரன்,
எழுத்துச் சோடிகளை ஒரே பைட்டில் மடித்து வைப்பவன்,
நெளிகோடு அவன் வாயில் நுழையாது
என்று முடிவு கட்டினேன்.
மதியம் அவளுக்கு எழுதினேன்:
நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். மாற்றிவிடு.
சரி என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

இரவில்தான் கோப்பின் அளவைப் பார்த்தேன்.
பூஜ்யம்.

மைனஸ் ஒன்று எழுத்தே இல்லை.
படிக்கப் போனேன், எதுவும் இல்லை என்று
நிரல் கையை விரித்த கணக்கு.
சனிக்கிழமை அதிகாலை நாலேகாலுக்கு
வாராந்தர வேலை எழுந்து
வட்டு முழுக்க நடந்து பெயர் சேகரித்து
வரிசைப்படுத்த இடம் தேடியிருக்கிறது.
தற்காலிக அடைவு நூறு சதவீதம்.
அந்த ஒன்றுமில்லாததைப்
பழைய பட்டியலின் மேல் கவிழ்த்துவிட்டுப்
படுத்துவிட்டது.

இடத்தை அடைத்துக் கிடந்தது
வியாழன் இரவு பாதியில் விட்ட காப்பு நகல்,
அறுபது ஜிபி.
உரிமையாளர் பத்தியில்: ஹெல்யு.

ஹெல்யு நான்தான்.

அழித்தேன். பட்டியலை மறுபடி கட்டச் சொன்னேன்.
பதினொரு நிமிடம்.
நெளிகோட்டோடு தேடினேன்,
நூற்றைம்பத்திரண்டு வரிகள் மளமளவென்று இறங்கின.
எட்டு பிட்டும் தெரியுமாம் அவனுக்கு, வெகுகாலமாக.
கையேட்டில் இருக்கிறது. யார் படித்தார்கள்?

மற்ற இருநூற்று அறுபதை
ஊர்வெ சொன்னபடி மழித்துவிட்டுப் போயிருக்கிறாள்.
நெளிகோடு போனால் அந்தச் சொல்லின் முன்பாதி
'காத்திரு' என்பதுபோல் ஒலிக்கிறது.

திருப்பிப் போட ஒரு வரி ஸ்கிரிப்ட் போதும்தான்.
ஆனால் சில ஓகாரங்கள்
உண்மையிலேயே ஓகாரங்கள்.
அதனால் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகிறேன்:
ஆழம், தேதி, துளை எண்,
அவள் மண்ணுக்கு வைத்த பெயர்.
இப்போது முப்பத்தொன்றில்.