ரெண்டு கிலோ

ஏலத்தில் எடுத்த படகு
டாட்டா ஏஸில் குப்புறப் படுத்து வந்தது.
பொதுப்பணித்துறை மஞ்சளில், விலாவில், ஏழு என்று ஓர் எண்.
கொள்ளிடத்து வெள்ளத்தை ஆழம் பார்த்த படகாம்.
பதினோராயிரம்.
என்னைக் கேட்கவில்லை.

கூரைக்குத் தகரம் வாங்க வைத்திருந்த பணம்
முற்றத்தில் தகரமாகவே கிடந்தது.
கூரையாகத்தான் இல்லை.

வேதரத்தினத்தோடு பேச்சை நிறுத்தினேன்.
சோறு வைப்பேன்.
உப்பு போதாதென்றால் ஜாடி எங்கே என்று அவருக்குத் தெரியும்.

ஜாம்புவானோடையில் எல்லாரும் ஃபைபரில் போகிறார்கள்.
குண்டான்ல ஏறியா கொடுவா புடிப்பே என்று
டீக்கடையில் கேட்டார்களாம்.
நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்,
பேசிக்கொண்டிருந்தால்.

சுவருக்கு அடிக்கிற நீலம் இரண்டு டப்பா வாங்கிவந்து
ஒரே பகலில் பூசி முடித்தார்.
மூன்றாம் நாள் வெங்காயத் தோலாக உரிந்தது.
கோழிகள் நீலத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டன.

முத்துப்பேட்டைக் கடைக்காரர் சொல்லியனுப்பினார்:
அலுமினியம் லேசில் எதையும் ஒட்டவிடாது,
முதலில் பிசுக்குப் போகணும்,
உப்புத்தாளில் தேய்க்கணும்,
அப்புறம் எட்ச் பிரைமர்.

பிசுக்கு என்றதும் சிரிப்பு வந்தது.
இருபது வருஷமாய் இந்த உலோகத்தின் முகத்தில்தான்
விழித்துக்கொண்டிருக்கிறேன்.
அவர் கூலிக்கு வலை இழுக்கப் போன நேரம்
பழம்புளியும் தேங்காய்நாரும் எடுத்துக்கொண்டு
ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் நிமிர்ந்தேன்.
படகென்று நினைக்கவில்லை.
கல்யாணச் சட்டி, அவ்வளவுதான்.
வந்தவர் விரலால் தொட்டார்,
விரலைப் பார்த்தார்,
கைகழுவப் போனார்.

ஓட்டை கண்டுபிடிக்கப்
படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.
தண்ணீரைப் படகில் இறக்கலாம்.
நாலு பனங்கட்டை மேல் அதை நிமிர்த்தி வைத்து
அடிபம்பிலிருந்து குடம் குடமாக ஊற்றினோம்,
அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம்.
அடியில் ஊர்ந்த தமயந்தி
கண்கலங்கிய ரிவிட் ஒவ்வொன்றுக்கும்
தன் நெயில்பாலிஷால் பொட்டு வைத்தாள்.
பதினாலு, என்று கத்தினாள்,
பரீட்சையில் வாங்கிய மார்க்குபோல.

ரிவிட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும்.
உள்ளே ஒருவர் சுத்தியலோடு.
வெளியே, அடியில், ஒருவர்
அதன் தலையைக் கனத்த இரும்பால் தாங்கவேண்டும்.
தாங்காத அடி காற்றுக்குப் போகும்.
கொழுந்தன் தம்மாமில். மகள் கை சின்னது.
படகுக்குள் நின்று
முருங்கை மரத்திடம் சொன்னார்:
கனமா ஏதாச்சும் வேணும்.

மின்தராசு வந்தபிறகு பரணில் கிடந்தது
நான் மீன் விற்ற ரெண்டு கிலோ எடைக்கல்.
அதை ஏந்திக்கொண்டு அடியில் மல்லாந்தேன்.
முதுகுக்குக் கீழே சேறு,
மூக்குக்கு மேலே ஏழாம் நம்பரின் வயிறு.

பேசாத இரண்டு பேருக்கு
நடுவில் இரண்டு மில்லிமீட்டர் உலோகம் இருப்பது
ஒரு வசதி.
ஒரு தட்டு: தயாரா?
இரண்டு தட்டு: ம்.
பிறகு அடி.
கல் வழியாக முழங்கைக்கு,
முழங்கை வழியாகப் பல்லுக்கு.

ஆறாவதில் கல் வழுக்கியது.
ஒன்பது நாள் கழித்து
பெயர் சொல்லி நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தையை
இங்கே எழுத முடியாது.
சுத்தியல் நின்றது.
விளிம்புக்கு மேல்
தலைகீழாக ஒரு முகம் வந்து
எந்த விரல், என்றது.

மீதி எட்டையும் அன்றைக்கே அடித்தோம்.
துணி சுற்றிய விரலோடு.

பெயின்ட் நிறம் நான் சொன்னதுதான்:
ஓட்டுச் சிவப்பு.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
மூன்று பூச்சுக்குப் பிறகும்
சாயும் வெயிலில் அந்த ஏழு தெரிகிறது.

கோரையாற்றில் இறக்கினோம்.
ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே வரவில்லை.
மடவை கொஞ்சம், நண்டு நாலு.
வட்டிக்குக் காணாது.

ஐப்பசி அடைமழை.
வீட்டுக்குள் ஐந்து இடத்தில் சொட்டுகிறது.
தமயந்தி நெயில்பாலிஷைத் தேடுகிறாள்,
கூரைக்கு வைக்க.
வெளியே கவிழ்த்துப்போட்ட படகின் மேல்
மழை, ஓயாமல், பலமாக;
அதனடியில் கோழிகள் நனையாமல் தூங்குகின்றன.

இருட்டில் கட்டில் சட்டத்தில்
ஒரு தட்டு.

கொஞ்சம் போகட்டும் என்று
சும்மா படுத்திருக்கிறேன்.